பந்தலைப் பிரித்த வெள்ளிக்கிழமை

மார்ச் 22, 2013. வெள்ளி.

இன்றைய பிழை: காலையில் மலைமேல் தெரிந்ததைப் பனி என்று சொன்னேன். அது புகை.

மாலை வகுப்பில் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு சொல்லித்தரும் சார்தான் இந்த டைரியை எழுதச் சொன்னார். அன்றைய பிழையில் தொடங்கி, மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். நடுவில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அடித்துத் திருத்தக் கூடாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வேண்டும் என்பார். எனக்குப் பிழைக்குப் பஞ்சமில்லை. நடுப்பகுதிதான் சிரமம். எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இன்றும் அப்படித்தான் ஆகும்.

கங்கையா வீட்டின் பக்கவாட்டில் ஷீட் போட்ட அறையில் நான் குடியிருக்கிறேன். வரதய்யபாளையத்துக்கு மேற்கே, மலையடியில் உள்ள காலனியில் இதுதான் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய வேர்க்கடலை நிலம்; இங்கே கொல்லி என்பார்கள். அதற்கப்பால் முள்ளும் புல்லும். பிறகு மலை. அவர் மகள் கல்பனாவும் நானும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம், இந்த வீட்டு வாசலிலேயே. புதன்கிழமை நலங்கு வைத்ததிலிருந்து அவள் வாசற்படி தாண்டக் கூடாது. கன்னத்தில் மஞ்சளும் கையில் செல்போனுமாக நிலைப்படிக்கு உள்ளே நின்றபடியே கல்யாண வேலை எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

காலையில் கல்பனாவின் அம்மா சந்திரம்மா அக்கா வாடகைக்கு வந்த அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் பார்த்து, "ஜெமிமா, அது இன்னாம்மா வெள்ளையா கீது?" என்றார்.

"பனிக்கா."

"பங்குனியிலியா? உங்க சித்தூருல பெய்யுமா?"

சித்தூரில் பங்குனியில் பனி பெய்யுமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டு அண்டாவைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அக்கா கையில் புளியோடு எழுந்து நின்றார்.

"பனி எரியற வாசன வருதேம்மா."

கங்கையா மாமா வெளியே வந்து நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். யார் வைத்த தீ என்பதுதான் முதல் பேச்சு. புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் வைத்திருப்பார்கள் என்றார் ஒருவர். பீடி என்றார் இன்னொருவர்.

"நம்மூரு ஆளு எவனும் வெக்க மாட்டான்" என்றார் கங்கையா மாமா. "அந்தாண்ட ஊருக்காரனுங்க வேல இது."

அந்தாண்டை ஊரில் இந்நேரம் நம்மைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பனி என்று சொன்ன வாய்க்கு அன்று மரியாதை இல்லை.

"நைனா, இங்க வா" என்று நிலைப்படியிலிருந்து கல்பனா அப்பாவைக் கூப்பிட்டாள். "தலைக்கு மேல பாரு."

தலைக்கு மேலே பந்தல். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். வாசல் முழுவதையும் அடைத்து, காய்ந்த தென்னங்கீற்றில் போட்ட பந்தல். வெயில் ஒரு பொட்டுக்கூட உள்ளே விழாது. ஒரு பக்கம் என் அறை ஷீட்டின் மேலேயே சாய்ந்திருந்தது. அடியில் கல்யாணச் சமையலுக்கு இறக்கிய விறகு, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜிகினாத் தோரணம். நேற்றுவரை அதைப் பார்க்கும்போது கல்யாண வீடு என்று தோன்றியது. கல்பனா சொன்ன பிறகு அடுப்பு மாதிரி தெரிந்தது.

கல்பனா கம்பெனியில் தீயணைப்புக் குழுவில் இருக்கிறாள். பயிற்சி நாளில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு எங்களை வெளியே ஓட்டுவது அவள்தான். போன தடவை நான் தப்பான கேட் வழியாகப் போய்விட்டேன். இப்போது மஞ்சள் பட்டைக்குப் பதில் முகமெல்லாம் மஞ்சள். குரல் மட்டும் அதேதான்.

"கீத்தப் பிரிச்சிரலாம் நைனா. வெறகையும் அப்பால போட்ரலாம்."

கங்கையா மாமாவின் அக்கா சுந்தரம்மா அத்தை கல்யாணத்துக்காகக் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்திருக்கிறார். முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு வந்துவிட்டார்.

"இன்னாடி சொன்ன? பந்தக்காலு நட்டு, பாலு ஊத்தி, சூடம் காட்டினப்புறம் பந்தலப் பிரிப்பாங்களா? தாலி கட்றதுக்கு முந்தி பந்தலு பிரிஞ்சா நல்லதாடி?"

"எரிஞ்சா நல்லதா அத்த?"

"மலையில எரியுது. மலை எங்க கீது, நம்ம வூடு எங்க கீது!"

"தீ நடந்துதான் வரும்னு நெனைக்காத. பறந்து வரும். ஒரு பொறி போதும். பந்தலு புடிச்சா ஷீட்டு, ஷீட்டுக்கு அப்புறம் வூடு. நாலு செவுத்துக்கு நடுவுல கரியில குந்திக்கினு தாலி கட்டிக்கட்டுமா?"

கங்கையா மாமா தன் அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

கடைசியில் அத்தை ஒரு வழி சொன்னார். பந்தக்காலை நட்டவன் கையாலேயே கீற்றை இறக்கினால் தோஷமில்லை. வேறு கை முதலில் படக் கூடாது. பந்தக்காலை நட்டது தாய்மாமன் துலுக்காணம். சந்திரம்மா அக்காவின் தம்பி. லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். ஆளைத் தேடினால் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். தாடையைச் சேர்த்துத் துண்டால் கட்டி, ஒரு கண்ணையும் மறைத்திருந்தார்.

"இன்னாடா மூஞ்சி?" என்றார் அக்கா.

"பல்லு வலிக்கா."

"பல்லு வலிக்கு கண்ணு ஏண்டா வீங்குது?"

"மேப்பல்லுக்கா."

கீற்றை இறக்கச் சொன்னதும் துலுக்காணம் மாமா பின்வாங்கினார். "அதெல்லாம் வோணாம். என் கையால நட்டத என் கையாலயே புடுங்கவா? தீயி இந்தாண்ட வராது. காத்து மேற்கால அடிக்குது, அதுவும் மேற்கால போய்க்கினு கீது."

"நீ போய் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? சும்மா தெரியும்."

அந்த நேரத்தில் வனத்துறைக் காவலர் கிருஷ்ணப்பா பைக்கில் வந்தார். சட்டையெல்லாம் கரி. தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பகலில் கடல் காற்று நெருப்பை மலைமேல் தள்ளிக்கொண்டிருக்கிறது, பொழுது சாய்ந்தால் மலைக்காற்று இறங்கும், நெருப்பும் கூடவே இறங்கும் என்றார். தீயணைப்பு வண்டி சத்தியவேடு பக்கம் வேறு நெருப்புக்குப் போயிருக்கிறதாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். வீட்டைச் சுற்றி எரியக் கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்று தெலுங்கில் அடுக்கிக்கொண்டே போனார்: கீற்று, வைக்கோல், விறகு, கூரைமேல் சருகு. நிலைப்படியில் கல்பனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"காலையில மலைமேல யாராவது போனதப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். துலுக்காணம் மாமா இல்லை. மாடு கத்துகிறது என்று கொட்டகைக்குப் போயிருந்தார். மாடு கத்தவில்லை. இதை நான் கவனித்தேன்; ஆனால் கவனித்ததன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

கிருஷ்ணப்பா ஊர் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு மலையடிக்குப் போனார். ஆளுக்கொரு பச்சை வேப்பங்கிளை, நெருப்பை அடிக்க.

பந்தலைத் தவிர மற்றவற்றை இறக்கத் தடையில்லை. கங்கையா மாமா நாற்காலி இறக்கிவிட்டு நின்ற டிராக்டரைத் திருப்பிக் கொல்லிக்கு விட்டார். காய்ந்த கடலைக்கொடியை வாரி எடுத்த பிறகு, வேலி ஓரமாக மலைப்பக்கம் முழுவதும் மண்ணைப் புரட்டிப் போட்டது டிராக்டர். பச்சை மண் வாசனையும் புகையும் சேர்ந்து வந்தன. பெண்கள் விறகைக் கைமாற்றிக் கைமாற்றி கிழக்கே, குட்டை ஓரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். சுவரில் ஒட்டி அடுக்கியிருந்த வரட்டியை நான் கூடையில் சுமந்தேன். கேஸ் சிலிண்டர் எதிர்வீட்டுக்கு அப்பால் போனது. ஷீட்டின் மேல் ஏறிச் சருகைக் கூட்டித் தள்ளும் வேலையும் எனக்கு வந்தது. வேப்பஞ்சருகு, புளியஞ்சருகு, ஒரு செருப்பு, கிரிக்கெட் பந்து. என் தலைக்கு மேலே இத்தனை இருந்ததை அறியாமல் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

"ஜெமிமா! அந்த மூலை!" கல்பனா ஜன்னலுக்கு வந்திருந்தாள். "ஷீட்டும் செவுரும் சேர்ற எடம். அங்கதான் பொறி போய் குந்தும்."

"நீ வெளிய வந்து செஞ்சா சீக்கிரம் முடியும்."

"அத்த வுடணுமே!"

"காலு வெளிய வெச்ச, முறுக்குக் கட்டைய வீசுவேன்" என்றது அத்தையின் குரல்.

வெயில் ஏறியதும் சந்திரம்மா அக்கா கல்யாண அடுப்பில் முதல் சமையலாகக் கேழ்வரகுக் களி கிண்டினார். கடலைச் சட்டினி அரைத்து, வந்தவர்கள் எல்லாருக்கும் உருண்டை உருட்டி வைத்தார். "கல்யாணத்துக்கு முந்தியே பந்தி போட்டாச்சு. துன்னுட்டு வேலயப் பாருங்க. மொய்ய ஞாயித்துக்கெழம வாங்கிக்கறேன்" என்றார். உடனே அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார். சாம்பலைக் கிளறி மறுபடியும் ஊற்றினார். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மிஞ்சியது வைக்கோல் போர். கொட்டகையை ஒட்டி, வீட்டுச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. துலுக்காணம் மாமா அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு நகரவே இல்லை.

"இத வுட்ருங்க. மாட்டுத் தீனி. நான் பாத்துக்கறேன்."

"எந்திரிடா" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தார். கங்கையா மாமா கவைக்கோலால் ஒரு அள்ளு அள்ளினார். இரண்டாவது அள்ளில் ஒரு கூல்டிரிங்க் பாட்டில் உருண்டு வந்து சுந்தரம்மா அத்தையின் காலில் நின்றது. பெரிய பாட்டில். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ இருந்தது.

"கல்யாண வூட்ல சாராயமாடா!" அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் மாறியது. விரலை விட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"தேனு" என்றார். "மலத்தேனு."

எல்லாரும் துலுக்காணம் மாமாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் கையைத் துண்டுக்குக் கொண்டுபோனார். அக்கா முந்திக்கொண்டு அதை உருவினார். ஒரு பக்கம் மாமா. இன்னொரு பக்கம் எண்ணெயில் பொரிந்த பணியாரம். ஒரு கண் இருந்த இடம் தெரியவில்லை.

ஜன்னலில் கல்பனாதான் முதலில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "பொகை போட்டியா மாமா?"

"போட்டேன்."

"எதுல?"

"புல்லச் சுருட்டி பந்தம் கட்டினேன். ஈ கலைஞ்சிச்சு, தேனு எடுத்தேன். அப்பால கீழ இருந்த ஈயெல்லாம் ஏறிச்சு. பந்தத்தப் பாறைமேலதான் வெச்சேன்மா. பாறைமேல. சத்தியமா. ஓடியாந்துட்டேன். பாறையில எங்க எரியும்னு நெனச்சேன்."

"பாறையிலேர்ந்து உருண்டா?"

அவர் சிதறிய வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். "எல்லாரும் பீரோ, கிரைண்டருன்னு சீரு வெக்கறாங்க" என்றார். "உன் பெரியப்பன் பசங்க மெட்ராஸ்லேர்ந்து வாசிங் மிசினு கொண்டாறானுங்களாம். தாய்மாமன் நானு, ஒரு குடத்த தூக்கிக்கினு வரட்டுமா? மலத்தேனு வெச்சா சபையில ஒருத்தன் வாய் தெறக்க மாட்டான்னு..."

"தெறந்தாலும் ஈ பூந்துரும்" என்றார் சுந்தரம்மா அத்தை.

முதலில் சிரித்தது சந்திரம்மா அக்கா. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "மூஞ்சில சுண்ணாம்பு தடவுடா, பாவி" என்றார். "தடவிட்டு, நீ வெச்ச தீக்கு நீயே போய் பந்தலப் பிரி."

துலுக்காணம் மாமா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். யாரும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் தடவி, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டியிருந்த பந்தக்காலைத் தொட்டுக் கும்பிட்டார். மேலே ஏறி முதல் கயிற்று முடிச்சை அரிவாளால் அறுத்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்து அறுத்ததால் கீற்று எங்கள் தலையிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாருடைய கையும் படலாம் என்று அத்தை அனுமதி கொடுத்தார். கீற்று கீற்றாக இறங்கி அதே குட்டை ஓரம் போய்ச் சேர்ந்தது. மிச்ச வைக்கோலும் கூடவே போனது. வாசலில் வெறும் மூங்கில் கழிகளும், நடுவில் பந்தக்காலும் நின்றன. வானம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அதில் பாதி புகை.

டேலி வகுப்புக்கு நேரமாகியிருந்தது. போகவில்லை. சாருக்குப் போன் செய்தால் நம்புவாரா என்று யோசித்து, செய்யாமல் விட்டேன். இதையும் பிழைக் கணக்கில் சேர்க்கலாம்.

பொழுது சாய்ந்ததும் கிருஷ்ணப்பா சொன்ன மாதிரியே காற்று மாறியது. புகை எங்கள் பக்கம் இறங்கியது. அதன் பின்னால் மலையடிப் புல்லில் சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து வந்தது. சத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்தில் நிறையப் பேர் சேர்ந்து அப்பளம் நொறுக்குவது போன்ற சத்தம். கிருஷ்ணப்பாவின் ஆட்கள் வேப்பங்கிளையால் அடித்துக்கொண்டே பின்வாங்கி வந்தார்கள். துலுக்காணம் மாமா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.

"நான்தான் சார்" என்றார் கிருஷ்ணப்பாவிடம், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாக. "தேனெடுக்கப் போனேன். பந்தம் வெச்சது நான்தான்."

கிருஷ்ணப்பா அவர் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு தடவிய பணியாரம். "முந்து நிப்பு, தருவாத்த கேசு" என்றார். முதலில் நெருப்பு, கேஸ் அப்புறம். பிறகு தமிழில், "அந்தப் பக்கம் நில்லு, இடது கண்ணு பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

நெருப்பு வேலிவரை வந்தது. புரட்டிப் போட்ட மண்ணைப் பார்த்ததும் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரமாகவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் பார்த்தது. அதன் குழப்பம் எனக்குப் புரிந்தது. பிறகு சிறுத்துச் சிறுத்துக் குனிந்துவிட்டது.

நாங்கள் மூச்சு விட்டோம். பொறி அப்போதுதான் வந்தது. கல்பனா சொன்ன மாதிரி, பறந்து. சில வாசலில் விழுந்து மண்ணில் செத்தன. ஒன்று மூங்கில் கழியில் உட்கார்ந்து, யோசித்து, அணைந்தது. காலையில் அங்கே கீற்று இருந்தது. இன்னொன்று வாசற்படிக்குப் பக்கவாட்டில் மேலே, ஷீட்டும் சுவரும் சேர்கிற மூலையில் போய் விழுந்தது. அந்த மூலையைக் கூட்டினேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் விட்டிருக்கிறேன். ஒரு சின்ன நாக்கு எழுந்தது.

குழாய் எட்டவில்லை. குடம் கொல்லியில் இருந்தது. "ஏணி! ஏணி!" என்று கங்கையா மாமா கத்திக்கொண்டு ஏணி இல்லாத பக்கமாக ஓடினார். நிலைப்படிக்கு உள்ளே கல்பனா திரும்பினாள். மாலை நலங்குக்காக வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்த் தவலையை இரண்டு கையாலும் தூக்கி, படியைத் தாண்டாமல், உடம்பை மட்டும் வெளியே வளைத்து மேல்நோக்கி வீசினாள்.

நாக்கு அணைந்தது. மிச்சத் தண்ணீர் எங்கள்மேல் வந்தது. அத்தை, நான், கங்கையா மாமா, அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்த கிருஷ்ணப்பா, எல்லாரும் மஞ்சள்.

"அத்த, காலு உள்ளதான் கீது. பாத்துக்கோ" என்றாள் கல்பனா.

அத்தை குனிந்து காலைப் பார்த்தார். மெய்யாகவே பார்த்தார். "கட்டவிரலு படிமேல கீது" என்றார். "படின்னா உள்ளதான். பரவால்ல."

கிருஷ்ணப்பா முகத்தைத் துடைத்தார். "நாக்கு கூட நலங்கு பெட்டேசாரு" என்றார். எனக்கும் நலங்கு வைத்துவிட்டார்கள் என்று. அக்கா அவருக்குக் களி கொண்டுவந்து கொடுத்தார். துலுக்காணம் மாமா தேன் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். கிருஷ்ணப்பா பாட்டிலைத் தொடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், அபராதம் வரும், கல்யாணம் முடிந்ததும் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார். "பெள்ளி அய்யாக ஆபீசுக்கு ரா. தாய்மாமன் இல்லாம தாலி கட்டுவாங்களா? திங்கக்கெழம வந்தா போதும்."

"வரேன் சார். தேனு?"

"அதையும் எடுத்துக்கினு வா. சாட்சி."

துலுக்காணம் மாமாவின் முகத்தில் நல்ல பாதி வாடிவிட்டது. கல்பனா உள்ளே போய் எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடு வந்தாள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டாள். "சாட்சிக்கு இவ்ளோ வோணாம்" என்றாள். "இது என் சீரு." கிருஷ்ணப்பா மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தன் ஆட்கள் இரண்டு பேர் மாறி மாறிக் காவல் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை கிரண்குமார் போன் செய்தார். பந்தல் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். "புதுசு போடறோம். பச்சையா. பொறி பட்டாலும் புடிக்காது" என்றாள் கல்பனா. பச்சைப் புங்கந்தழைப் பந்தல். சொன்னது சுந்தரம்மா அத்தை. கீற்றைவிடக் குளிர்ச்சி, கழி அப்படியே இருக்கிறது, பந்தக்காலும் அசையவில்லை, ஆகவே பந்தல் பிரிந்ததாகவே கணக்கில்லை என்பது அவர் தீர்ப்பு. காலையில் எதிர்த்தது அவர்தான் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

படித்துப் பார்த்தேன். நீளமாகிவிட்டது. மலைக்காற்று வருகிறது. என் துணியெல்லாம் மஞ்சள்.

நாளைய வேலை: விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்ப் புங்கந்தழை வெட்டிவர வேண்டும். கூட வருவது துலுக்காணம் மாமா. அரிவாளும் கயிறும் அவர் கொண்டுவருவார். புறப்படும் முன் அவரிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அந்த மூலையை மறுபடியும் கூட்ட வேண்டும்.